அழற்சியை அடக்கும் புரதங்கள்: ஒவ்வாமை ஆஸ்துமா ஆய்வுகள் குறித்து ஒரு மறுபார்வை

ராதாபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகம் பிடித்து வரும் அந்த மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தல் தொடங்கிக் காவல்கிணறு, பணகுடி வரைக்கும் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றோடு புழுதியும் வருகிறது. செம்மண், கல் குவாரித் தூசி, கிரஷர் தூள், டாரஸ் லாரிகள் கிளப்பிவிடும் மண் எல்லாம் படுக்கை வரை வந்து சேர்கின்றன. ஐப்பசி மழை பிடித்துச் சுவரில் ஓதம் ஏறினால் வேறொரு கூட்டம் தலைதூக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளும் பூஞ்சை வித்துகளும் பெருகும் காலம் அது. குளத்துக்கரைகளை ஆக்கிரமித்திருக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும், அடுக்களைக் கரப்பான்பூச்சியின் உடல் துகள்களும் ஒவ்வாமையைத் தூண்டுபவை என்று இந்திய ஆய்வுகளே உறுதி செய்திருக்கின்றன.

ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கும் அண்ணனை ஒன்றும் செய்யாத தூசி, தம்பிக்கு மட்டும் ஏன் நெஞ்சை அடைக்கிறது? ஆஸ்துமா ஆராய்ச்சி நெடுங்காலம் இந்தக் கேள்வியைத்தான் துரத்தியது. இன்னொரு கேள்வியும் உண்டு: தூசி விலகிய பிறகும் தம்பியின் மூச்சுக்குழாய் ஏன் வீங்கியே கிடக்கிறது? உடலில் எந்த அழற்சியும் ஒரு கட்டத்தில் அடங்கியாக வேண்டும். அடக்குவதற்கென்றே செல்களுக்குள் தனிப் புரதங்கள் இருக்கின்றன. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளை இந்த இரண்டாவது கேள்வியோடு படித்தால் நோயின் முகமே மாறித் தெரிகிறது. தூண்டும் புரதங்களைப் பற்றி நாம் ஏராளமாக அறிந்துவிட்டோம். ஆனால் நோய் எவ்வளவு கடுமையாகும், எத்தனை காலம் நிற்கும் என்பதில் அடக்கும் புரதங்களுக்கு இருக்கும் பங்கைக் குறைத்தே மதிப்பிட்டு வந்திருக்கிறோம் என்பது என் முடிவு. இந்தக் கட்டுரை அதற்கான சான்றுகளைத் தொகுக்கிறது.

தூண்டும் வரிசை

1921இல் ஜெர்மனியில் இரு மருத்துவர்கள் செய்த சோதனை இந்தத் துறையின் தொடக்கம். ஹைன்ஸ் க்யூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய சீரத்தைக் கார்ல் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஊசியால் செலுத்தினார். அந்த இடம் தடித்தது. ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அது இன்னதென்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966-67இல் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிச்சும் தனித்தனியே அதை அடைந்தனர். அதுதான் ஐஜிஇ எனும் எதிர்ப்பொருள்.

மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஐஜிஇ ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். உண்ணியின் புரதம் ஒன்று வந்து இரண்டு ஐஜிஇகளை ஒருசேரப் பற்றினால் போதும். செல்லுக்குள் லின், சிக் எனும் கைனேஸ்கள் விழித்துக்கொள்கின்றன. கைனேஸின் வேலை பிற புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஏற்றுவது. பாஸ்பேட் ஏறிய புரதம் அடுத்ததை இயக்க, கால்சியம் பெருகி, ஹிஸ்டமினும் பிற ரசாயனங்களும் வெளியே கொட்டுகின்றன. சில நிமிடங்களில் தசை இறுகி மூச்சு இழுக்கத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து ஈசினோபில் எனும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து இரண்டாம் அலையை எழுப்பும். பகலில் தூசியில் நின்றவருக்கு நடு இரவில் இளைப்பு வருவதற்கு இந்தப் பிந்திய அலையும் ஒரு காரணம்.

ஐஜிஇயை உண்டாக்கச் சொல்வது யார்? 1986இல் டிம் மோஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் எலியின் உதவி டி செல்கள் இரண்டு வகைப்படும் என்று காட்டினார்கள். அவற்றில் இரண்டாம் வகையே இன்டர்லூக்கின் எனும் சேதிப் புரதங்களில் 4, 5, 13 ஆகியவற்றின் முக்கிய மூலம் என்பது பின்வந்த ஆய்வுகளில் தெளிவானது. இன்டர்லூக்கின் 5 ஈசினோபில்களை வளர்க்கிறது. 13 சளியைப் பெருக்கி, தசையை எளிதில் இறுகும்படி செய்கிறது. 4 ஐஜிஇக்கு வழிவிடுகிறது. 4, 13 இரண்டும் செல்லின் வாசலில் ஒரு பொது ஏற்பிப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன, உள்ளேயும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஜாக் கைனேஸ்கள் ஸ்டாட்6 எனும் புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, அது உட்கருவுக்குள் போய் ஒவ்வாமை மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. ஸ்டாட்6 இல்லாத எலிகளுக்கு இன்டர்லூக்கின் 4 சொல்லும் சேதி எட்டுவதே இல்லை. ஸ்டாட்6 பிறவியிலேயே அளவுக்கு மீறி வேலை செய்யும் மனிதக் குடும்பங்களும் 2023 வாக்கில் வெளிச்சத்துக்கு வந்தன. அக்குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே கரப்பான், உணவு ஒவ்வாமை, ஆஸ்துமா என்று எல்லாம் சேர்ந்து வந்திருந்தன. ஒரு புரதம் நோய்க்குக் காரணம் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று கிடைப்பது அரிது.

இதற்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. அதைச் செய்வது மூச்சுக்குழாயின் உள்படலம். தூசி உண்ணியின் கழிவில் இருக்கும் ஒரு நொதி, படலச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களைத் துண்டிக்கிறது. காயப்பட்ட படலம் டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின் 33, 25 ஆகிய அபாயச் செய்திகளை வெளியிடுகிறது. 2010இல் தெளிவாக அடையாளம் காணப்பட்ட இரண்டாம் வகை உள்ளார்ந்த நிணநீர்ச் செல்கள் இந்தச் செய்திக்கு உடனே செவிசாய்த்து இன்டர்லூக்கின் 5, 13 இரண்டையும் பொழிகின்றன. டி செல்லின் வருகைக்காக அவை காத்திருப்பதில்லை. நம் வட்டாரத்துக்கு இது முக்கியமான செய்தி. கல் தூசி தன்னளவில் ஒவ்வாமைப் பொருள் இல்லை. ஆனாலும் படலத்தைப் புண்ணாக்கும் எதுவும், அது குவாரித் தூசியோ விறகுப் புகையோ குப்பை எரிக்கும் புகையோ, ஒவ்வாமைப் பொருளுக்குக் கதவைத் திறந்துவிடும். உண்ணியும் புழுதியும் தனித்தனி எதிரிகள் என்று எண்ணி ஒன்றை மட்டும் துடைத்தால் போதாது.

அணைக்கும் கைகள்

படலத்தின் அபாயச் செய்தி செல்லுக்குள் போய்ச் சேரும் முக்கியமான இடம் என்எஃப்-கப்பா பி எனும் புரதம். 1986இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்தவர் இந்திய விஞ்ஞானி ரஞ்சன் சென். இது விழித்தால் அழற்சி மரபணுக்கள் வரிசையாகத் திறக்கின்றன. திறக்கும் மரபணுக்களில் ஒன்று ஏ20 எனும் புரதத்துக்கு உரியது. அந்த ஏ20 திரும்பி வந்து என்எஃப்-கப்பா பியையே அடக்குகிறது. அழற்சி தன் முடிவைத் தானே கூட அழைத்து வருகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஏ20இன் அருமை 2015இல் புரிந்தது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பார்ட் லாம்பிரெக்ட், ஹமீதா ஹம்மாத் குழுவினர் எலிகளை மாட்டுப் பண்ணைத் தூசிக்குச் சிறிது சிறிதாகப் பழக்கினார்கள். பழகிய எலிகளுக்கு உண்ணியைக் கொடுத்தும் ஆஸ்துமா வரவில்லை. மூச்சுக்குழாய்ப் படலத்தில் மட்டும் ஏ20ஐ நீக்கிப் பார்த்தபோது பண்ணைத் தூசியின் காப்பு போய்விட்டது. மறு ஆண்டே மனிதர்களிடமிருந்து துணைச் சான்று வந்தது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு வேளாண் சமூகங்கள் உண்டு. பூர்வீகமும் உணவும் ஏறத்தாழ ஒன்றே. ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாடு கட்டிப் பழைய முறையில் உழுகிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணை இயந்திரமயமானது, வீட்டிலிருந்து தள்ளியிருப்பது. முந்தைய ஆய்வுகளின்படி பள்ளிக் குழந்தைகளில் ஆமிஷ் தரப்பில் 5.2% பேருக்கும் ஹட்டரைட் தரப்பில் 21.3% பேருக்கும் ஆஸ்துமா இருந்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகம். அந்தத் தூசியை எலிகளுக்குக் கொடுத்தபோது அது ஆஸ்துமாவிலிருந்து காத்தது.

இதைப் படித்துவிட்டுத் தூசி நல்லது என்று முடிவு கட்டுவது ஆபத்து. காப்பது தொழுவத்துத் தூசியின் நுண்ணுயிர்ப் பகுதி, அதுவும் குழந்தைப் பருவத்தில் அளவோடு உள்ளே போகும்போது. ராதாபுரம் பக்கத்தில் செவ்வாட்டுக் கிடைகளும் வீட்டுத் தொழுவங்களும் இருந்த காலத்துத் தூசியும், இன்றைக்கு கிரஷரிலிருந்து பறந்து வரும் தூசியும் ஒன்றில்லை. பழைய தூசி குறைந்து புதிய தூசி கூடியிருக்கிறது. அடக்கும் புரதத்தை வளர்த்தது போய், படலத்தைக் காயப்படுத்துவது மிஞ்சுகிறது என்று நான் அஞ்சுகிறேன்.

அடுத்த குடும்பம் சாக்ஸ் புரதங்கள். 1997இல் மெல்போர்னிலும் ஜப்பானிலுமாக மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் இவற்றைக் கண்டன. இன்டர்லூக்கின் சேதி வந்து ஜாக், ஸ்டாட் வரிசை ஓடியதும் சாக்ஸ் உற்பத்தியாகி ஜாக்கைக் கட்டிப்போடுகிறது. சாக்ஸ்1 குறைந்தால் இன்டர்லூக்கின் 4, 13 இரண்டின் குரலும் ஓங்கும். ஆனால் சாக்ஸ்3இன் கதை வேறு. ஆஸ்துமா நோயாளிகளின் டி செல்களில் அது கூடுதலாக இருக்கிறது, நோயின் கடுமையோடு சேர்ந்தே உயர்கிறது. காரணம், அது அடக்குவது ஒவ்வாமைக்கு எதிரணியான இன்டர்லூக்கின் 12இன் வழியை. எதிரணி அடங்கினால் ஒவ்வாமை அணி தலையெடுக்கும். ஆகவே ஒரு புரதம் அடக்கும் தன்மையது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்தச் செல்லில் எதை அடக்குகிறது என்று பார்த்தாக வேண்டும். அடக்கும் புரதங்களைக் கூட்டினால் நோய் தீரும் என்று எளிதாகச் சொல்லிவிடுவோருக்கு சாக்ஸ்3 நல்ல எச்சரிக்கை.

பாஸ்பேட்டை ஏற்றுவது கைனேஸ் என்றால், இறக்குவது பாஸ்பட்டேஸ். எஸ்ஹெச்பி-1 எனும் பாஸ்பட்டேஸ் குறைவாக உள்ள எலிகளுக்கு எந்த ஒவ்வாமைப் பொருளும் கொடுக்காமலே நுரையீரலில் ஆஸ்துமா போன்ற அழற்சி தானாக வருகிறது. தூண்டுதலே இல்லாமல் தீ பிடிக்கிறது என்றால், சாதாரண நாளிலும் யாரோ விடாமல் அணைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதானே பொருள்!

இந்திய ஆய்வாளர்களின் பங்களிப்பு மிகத் தெளிவாக நிற்பதும் ஒரு பாஸ்பட்டேஸில்தான். டெல்லியிலுள்ள மரபணுத்தொகுதி மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் பலராம் கோஷ் குழுவினர், ஐஎன்பிபி4ஏ எனும் மரபணுவின் ஒரு வேறுபாடு இந்திய மக்களில் ஆஸ்துமாவோடு தொடர்புடையது என்று 2008இல் வெளியிட்டனர். இந்தப் பாஸ்பட்டேஸ் புரதங்கள் மேல் வேலை செய்வதில்லை. செல் சவ்வில் பிஐ3 கைனேஸ் உண்டாக்கும் கொழுப்பு மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை நீக்குகிறது. அந்தக் கொழுப்பு சவ்வில் இருக்கும் வரை சமிக்ஞைப் புரதங்கள் வந்து தொற்றிக்கொண்டு வேலை செய்யும். நீங்கினால் கலைந்துவிடும். 2012இல் கோஷ், அனுராக் அகர்வால், உலகநாதன் மாபலிராஜன் ஆகியோரை உள்ளடக்கிய குழு மேலும் ஒரு படி போனது. ஒவ்வாமை அழற்சி மூண்ட எலி நுரையீரலில் இந்தப் புரதம் குறைகிறது, கால்பெய்ன் எனும் நொதி அதைச் சிதைக்கிறது என்று காட்டினார்கள். புரதத்தைக் குறைத்தால் அழற்சி கூடுகிறது, மீட்டால் தணிகிறது. அதாவது நோய் தன்னை அடக்க வேண்டிய புரதத்தையே தின்று வளர்கிறது. ஆஸ்துமா நாள்பட்டு நிற்பது ஏன் என்ற கேள்விக்கு நான் படித்த விடைகளில் இது முதன்மையானது. மரபணு வேறுபாட்டால் இந்தப் புரதத்தைக் குறைவாகப் பெற்றுப் பிறந்தவருக்கும், நல்லபடியாகப் பிறந்து தொடர் அழற்சியால் இழந்தவருக்கும் கடைசியில் மூச்சுக்குழாய் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும்.

மருந்துகள் எந்தப் புரதத்தோடு பேசுகின்றன

இந்த இடத்தில் ஆய்வகம் நேராக நம் வீட்டுக்குள் வருகிறது. நம் ஊரில் பெரும்பாலோர் கையில் இருக்கும் நீல நிற இன்ஹேலர் சால்புட்டமால். அது தசையின் பீட்டா-2 ஏற்பியைத் தட்டி, சுழல் ஏஎம்பி எனும் மூலக்கூறைப் பெருக்கி, இறுகிய தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. அதனால்தான் அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் மேலே சொன்ன ஸ்டாட்6, என்எஃப்-கப்பா பி எதையும் அது கட்டுப்படுத்துவதில்லை. திரும்பத் திரும்பத் தட்டினால் அரெஸ்டின் எனும் புரதம் ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. மருந்தின் பலன் மங்குகிறது. இந்த ஏற்பிக் குடும்பத்தை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012இல் வேதியியல் நோபல் பெற்றார்கள்.

மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு 1972இல் புழக்கத்துக்கு வந்தது. அது வேலை செய்யும் விதம் அடக்கும் புரதங்களின் பெருமையைச் சொல்கிறது. செல்லுக்குள் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், ஹெச்டாக்2 எனும் நொதியை அழைத்துவந்து, திறந்து கிடக்கும் அழற்சி மரபணுக்களை மூடுகிறது. கூடவே கில்ஸ், எம்கேபி-1 போன்ற அடக்கும் புரதங்களை உண்டாக்கச் செய்கிறது. பீட்டா-2 ஏற்பிகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. ஆக, நோய் குறைத்துவிட்டதை ஈடுகட்டும் மருந்து இது. நிமிடத்தில் பலன் தெரியாது. மரபணு திறந்து புரதம் உண்டாக மணிக்கணக்கும், படலம் தேற வாரக்கணக்கும் ஆகும். தினமும் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

"அத அடிச்சா பழகிரும்லா, அப்புறம் விட முடியாது" என்று நம் பக்கத்தில் சொல்லாத வீடு இல்லை. அந்தப் பயத்தால் ஸ்டீராய்டு இன்ஹேலரை ஓரம் கட்டிவிட்டு, இளைப்பு வந்தால் நீலத்தை அடிப்பது, முற்றினால் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைப்பது, ஊசி போடுவது என்று ஓட்டுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மூச்சில் போகும் ஒரு வேளை மருந்து 200 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். முற்றியபின் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை பல மில்லிகிராம், அதாவது பல ஆயிரம் மைக்ரோகிராம், அதுவும் உடல் முழுக்கப் பரவுவது. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை ஏற்றுக்கொண்டு, பயப்படத் தேவையில்லாததைத் தள்ளுகிறோம். அடித்தபின் வாய் கொப்பளித்தால் தொண்டையில் பூஞ்சை வருவதையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13% பேர் இந்தியாவில் இருக்கிறார்கள், ஆஸ்துமா இறப்புகளிலோ 40%க்கு மேல் இங்கே என்கின்றன சர்வதேச மதிப்பீடுகள். இந்த இடைவெளிக்கு மரபணுவையோ புழுதியையோ மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

2018இல் வந்த ஒரு பெரிய சோதனையில், லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைப்படும்போது புடசோனைடு-ஃபார்மோட்டரால் சேர்ந்த இன்ஹேலரை எடுத்தபோது, தசை தளர்த்தியை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடும் தாக்குதல்கள் 64% குறைந்தன. 2019இல் உலக வழிகாட்டுதலும் மாறியது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தசை தளர்த்தி மட்டுமே கொண்ட சிகிச்சை இனி பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று அது சொல்கிறது.

ஸ்டீராய்டுக்கும் எல்லை உண்டு. புகைப்பவர்களிடம் ஹெச்டாக்2 நலிவடைந்து மருந்து சரியாக எடுபடுவதில்லை. பீடிப் புகையை விடாமல் இன்ஹேலரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஈசினோபில் இல்லாமல் நியூட்ரோபில் மிகுந்து நிற்கும் வகை ஆஸ்துமாவிலும் அதன் பலன் குறைவு.

கடும் நோய்க்கு உயிரிமருந்து ஊசிகள் வந்துள்ளன. ஐஜிஇயைத் தடுக்கும் ஒமலிசுமாப் 2003இலும், இன்டர்லூக்கின் 4, 13 ஏற்பியை அடைக்கும் டுபிலுமாப் ஆஸ்துமாவுக்கு 2018இலும், டிஎஸ்எல்பியைப் பிடிக்கும் டெசிபெலுமாப் 2021இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. இன்டர்லூக்கின் 5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் 2000இல் வந்த முதல் சோதனையில் தோற்றதாகவே கருதப்பட்டது. ஈசினோபில்கள் குறைந்தன, மூச்சுக்குழாய் தேறவில்லை. 2009இல் இங்கிலாந்துக் குழு ஒன்றும், கனடாவில் பரமேஸ்வரன் நாயரின் குழுவும் ஈசினோபில் மிகுந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது தாக்குதல்கள் பெரிதும் குறைந்தன. மருந்து அதுவேதான், ஆளைத் தேர்ந்ததில் வந்த வெற்றி அது. ஆனால் குவாரிக் கூலிக்கும் பீடிக் கூலிக்கும் இந்த ஊசிகள் எட்டாத விலையில் இருக்கின்றன. ஸ்டாட்6ஐச் சிதைக்கும் மாத்திரைகள் இப்போது சோதனையில் இருப்பது ஒரு நம்பிக்கை. மாத்திரை காலப்போக்கில் விலை குறையக் கூடியது.

ஆடாதோடையைச் சொல்லாமல் இந்தப் பகுதி முடியாது. 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது, ஆடாதோடை மணப்பாகு இங்கே வீட்டுச் சொத்து. அந்த இலையின் வாசிசின் எனும் பொருளைப் பின்பற்றித்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. ஆடாதோடைச் சாறு எலிகளில் அழற்சியையும், ஆக்சிஜன் குறையும்போது கிளம்பும் ஹிஃப்-1 ஆல்ஃபா எனும் புரதத்தையும் தணிப்பதாக அதே டெல்லி நிறுவனம் 2021இல் வெளியிட்டது. மதிக்கத்தக்க தொடக்கம். ஆனால் அது எலியில் கண்டது. மணப்பாகை நம்பி இன்ஹேலரை நிறுத்துவதற்கு அதில் இடமில்லை.

செய்ய வேண்டியவை

ஏ20ஐ வளர்த்த பண்ணைத் தூசி ஐரோப்பாவுடையது. ஐஎன்பிபி4ஏ மரபணு ஆய்வை நடத்தியது டெல்லி நிறுவனம். கிரஷர் தூசியும், சீமைக் கருவேல மகரந்தமும், ஓதமும், ஆட்டுக்கிடையும் அடுத்தடுத்த ஊர்களில் கலந்து கிடக்கும் ராதாபுரம் வட்டம் இவற்றை ஒருசேரச் சோதிக்கத் தகுந்த இடம். கிடை உள்ள ஊர்க் குழந்தைகளையும் குவாரியை ஒட்டிய ஊர்க் குழந்தைகளையும் ஒப்பிட்டு, வீட்டுத் தூசியை அளந்து, மூக்குப் படலத்துச் செல்களில் ஏ20, ஐஎன்பிபி4ஏ எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் சித்த மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வு முடியும் வரை யாரும் மூச்சுத் திணறிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் 'வீசிங்' உள்ளவர் இருந்தால், அவர் கையிலுள்ள இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். இருக்கிறது என்றால், மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் அவர் சொன்ன முறைப்படி எடுப்பதை நிறுத்தாதீர்கள்.